தூங்காத மனிதருக்கு ஒரு மனப் பரிசோதனை

எங்கள் கல்லூரியில் இந்த ஆண்டு இளங்கலை உளவியலுக்கு வந்த விண்ணப்பங்கள் பி.காம். படிப்பையே மிஞ்சிவிட்டனவாம். துறையில் இப்போது பாடம் நடத்தும் பிள்ளைகள் போன் செய்து சொன்னார்கள். சொன்ன கையோடு, "மேடம், துறை ஆரம்பிச்ச நாள்லேருந்து இருந்தவங்க நீங்க. ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. பாசிட்டிவா இருந்தா நல்லாருக்கும்" என்றார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் முழங்கால் வலியைக் காரணம் காட்டி நழுவியிருப்பேன்.

விண்ணப்பங்கள் ஏன் குவிகின்றன என்பது எனக்குத் தெரியும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பல் மருத்துவமனைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இப்போது ஒரு மனநல ஆலோசகர் போர்டு இருக்கிறது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கைபேசியைத் திறந்தால், ஒரு பெண் தலையைச் சாய்த்து, குரலைத் தேனில் முக்கி, உங்களைக் காயப்படுத்தியவர்களை விட்டு விலகுங்கள் என்கிறாள். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு என்னிடம் வந்த முதலாண்டு மாணவி ஒருத்தி, தன் அம்மா டாக்ஸிக் என்றாள். என்ன செய்தார் என்று கேட்டேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கச் சொன்னாராம். இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டு படிப்பு எதற்கு, அதுதான் கைபேசியிலேயே கிடைக்கிறதே என்றேன். அவள் என்னையும் டாக்ஸிக் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் படித்த கதை சின்னது. என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் பருப்பு மண்டி வைத்தவர். நான் உளவியல் படிக்கப் போகிறேன் என்றதும், "ஏளா, மனசைப் படிச்சு எதை விக்கப் போற?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. இளங்கலையும் முதுகலையுமாக ஐந்து ஆண்டுகள் அமெரிக்க எலிகளைப் பற்றியும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைப் பற்றியும் மனப்பாடம் செய்தேன். மனிதன் என்றால் அவனுக்குத் தனி அறை இருக்கும், ராத்திரி எட்டு மணி நேரம் தூங்குவான் என்று அந்தப் புத்தகங்கள் எல்லாம் எடுத்த எடுப்பிலேயே முடிவு செய்துவிட்டிருந்தன. எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் இல்லை. அதை எந்தப் பேராசிரியரிடமும் சொல்ல முடியாது. பாடத்திட்டத்தில் இல்லை என்பார்கள். அதற்குப் பிறகு வேலை கிடைத்தது. படித்த கதை அவ்வளவுதான்.

எங்கள் கல்லூரி இந்தப் பாடத்தை ஆரம்பித்ததற்கு மனித மனத்தின் மேல் இருந்த அக்கறை காரணமல்ல. புதிய பட்டப்படிப்பு ஒன்று வேண்டும், அதற்குப் பெரிய ஆய்வகம் கட்டக் கூடாது என்பது நிர்வாகத்தின் தேவை. வேதியியல் துறை காலி பாட்டில் போட்டு வைத்திருந்த அறையைக் கழுவிக் கொடுத்தார்கள். அமில நெடி பல ஆண்டுகள் போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் எண்ணூர் பக்கம் போகும் டிரெய்லர் லாரிகளின் ஹாரன். மூடினால் வேர்வை. பரிசோதனை நடக்கும் அறை அமைதியாக இருக்க வேண்டும் என்பது பாடத்தின் முதல் விதி. அந்த விதியைக் கரும்பலகையில் எழுதும்போதே நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனாலும் செய்முறை வகுப்பை நான் நேசித்தேன். அதை மட்டும்தான் நேசித்தேன் என்றும் சொல்லலாம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் சோதிப்பவர், மற்றவரை சப்ஜெக்ட் என்போம். ஒரு பெட்டியில் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் இருக்கும். பச்சை எரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு எரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்ததற்கும் கை அசைந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது என்பதைக் கருவி காட்டும். உப்புக் காற்றில் அந்தப் பொத்தான் மாதத்துக்கு ஒரு தரம் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். நானே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன்.

கருவியை விட முக்கியம் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. சப்ஜெக்ட் சாப்பிட்டிருக்கிறாரா, தூங்கியிருக்கிறாரா, மருந்து ஏதாவது எடுத்துக்கொண்டிருக்கிறாரா என்று கேட்க வேண்டும். அச்சிட்ட விளக்கத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசிக்க வேண்டும். ஒத்திகை கொடுக்க வேண்டும். நடுவில் 'சபாஷ்' என்று சொல்லக் கூடாது, 'ப்ச்' என்றும் சொல்லக் கூடாது. பிறகு நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். இவ்வளவுதான் உளவியலின் நாணயம். இதில் ஒன்று குறைந்தாலும் மீதி எல்லாம் கிளி ஜோசியம். கிளியாவது சீட்டைத் தானே எடுக்கும்.

பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கேன்டீனில் உட்கார்ந்து எண்களைக் கற்பனை செய்வார்கள். முதல் முயற்சியில் நிறையத் தவறு, அடுத்ததில் கொஞ்சம் குறைவு, அதற்கடுத்து இன்னும் குறைவு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே வழுவழுப்பாக ஒரு வளைகோடு வரைந்துவிடுவார்கள். அதற்கு முழு மதிப்பெண்ணும் விழும். போட்டவர் எங்கள் துறைத் தலைவர் முனைவர் வைகுந்தநாதன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எப்போதும் சந்தன நிற முழுக்கைச் சட்டை. வெளிநாட்டில் சில வாரம் ஆலோசனைப் பயிற்சி எடுத்தவர். அந்தச் சில வாரங்களை வாழ்நாள் முழுவதும் வைத்துச் சாப்பிட்டார். எதிரில் யாராவது வந்து உட்கார்ந்தால் இரண்டு கை விரல் நுனிகளையும் சேர்த்து மோவாய்க்குக் கீழே வைத்துக்கொள்வார். கண் பாதி மூடும். "ம்ம்" என்பார். பிறகு நீங்கள் கேட்ட கேள்வியை உங்கள் மேலேயே திருப்பிவிடுவார். ஒருமுறை பெண்கள் கழிப்பறையில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்லப் போனேன்.

"தண்ணி வராதது உங்களுக்குள்ள என்ன உணர்வை உண்டாக்குது, செல்வராணி?" என்று கேட்டார்.

"ஒண்ணுக்குப் போகணும்கிற உணர்வு, சார்" என்றேன்.

அவர் கண் முழுதாகத் திறந்ததை அன்றுதான் பார்த்தேன். அவருடைய அறையில் ஆலோசனைக்கென்று ஒரு நீளமான சோபா வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் எந்த மாணவரும் படுத்ததில்லை. மதிய உணவுக்குப் பிறகு அவர் படுப்பார்.

இந்த மனிதரிடம்தான் ரோஸ்லின் மாட்டினாள். ராயபுரத்துப் பெண். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அப்பா ரயில்வே சரக்குக் கிடங்கில் வேலை. பி.காம். கிடைக்காததால் உளவியலுக்கு வந்தவள் என்று அவளே முதல் நாள் எழுந்து நின்று சொன்னாள். எல்லோரும் மனித மனத்தின் ஆழத்தை அறிய வந்தோம் என்று அளந்துகொண்டிருந்த வகுப்பில் அது ஒன்றுதான் உண்மையான பதில்.

கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பரிசோதனை ஒன்று உண்டு. கையை ஒரு தட்டி மறைத்திருக்கும்; எதிரில் உள்ள கண்ணாடியைப் பார்த்துத்தான் பென்சிலை ஓட்ட வேண்டும். ஆரம்பத்தில் கை கோணும், போகப் போகப் பழகும். ரோஸ்லின் கொண்டுவந்து காட்டிய வளைகோடு தலைகீழாக இருந்தது. போகப் போகத் தவறுகள் கூடியிருந்தன. வைகுந்தநாதன் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"சார், நடுவுல சப்ஜெக்டா இருந்த பொண்ணுக்கு வூட்லேருந்து போன் வந்துச்சு. அவுங்க நைனாவுக்கு ஒடம்பு செரியில்லன்னு. அப்புறம் கை நடுங்கினே இருந்துச்சு சார். அதான் கெட்டுப்போச்சு."

"அது பதிவுக்குத் தேவையில்லாத தகவல்."

"அதானே சார் தகவலே?"

அவர் பாதி மதிப்பெண் போட்டார். நான் என் பங்குக்கு, இந்தத் துறையில் முதல் தடவையாக ஒருவர் உண்மையான பரிசோதனை செய்திருக்கிறார் என்று பக்கத்தின் ஓரத்தில் எழுதிவிட்டு வந்தேன்.

ரோஸ்லின் மூன்றாம் ஆண்டுக்கு வந்தபோது, திருவொற்றியூர் பக்கம் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் விபத்து நடந்தது. அங்கே இரும்புப் பெட்டகங்களைத் தூக்கி அடுக்குவதற்கு ராட்சத வண்டிகள் உண்டு, ஸ்டாக்கர் என்பார்கள். குமரேசன் என்ற ஓட்டுநர் ஒரு பெட்டகத்தை இறக்கியபோது கீழே நின்றிருந்த பெட்டக எண் சரிபார்க்கும் பாஷா என்பவரின் கால் நசுங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

யார்டின் மனிதவள மேலாளர் எங்கள் துறையைத் தேடி வந்தார். கல்லூரிக்கும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம், மாணவர்களுக்குக் களப் பயிற்சி, விழாவில் பொன்னாடை என்று ஏதேதோ பேசினார். கேட்டது ஒன்றுதான். ஓட்டுநர்களை உளவியல் முறைப்படி சோதித்து, யார் யாருக்கு விபத்து நாட்டம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சில பேர் பிறவியிலேயே விபத்தை இழுத்து வருகிறவர்கள் என்று ஒரு பழைய கருத்து இருக்கிறது. முதலாளிகளுக்கு மிகவும் பிடித்த கருத்து. பிரேக்கைப் பார்க்க வேண்டாம், விளக்கு வெளிச்சத்தைப் பார்க்க வேண்டாம், ஆளைப் பார்த்தால் போதும்.

வைகுந்தநாதன் விரல் நுனிகளைச் சேர்க்கக்கூட மறந்துவிட்டார். அவ்வளவு மகிழ்ச்சி. இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு இதுவே ஆய்வுத் திட்டம் என்று அறிவித்தார். நான் வழிகாட்டி.

ஒரு காலை நேரம் கருவிகளைத் தூக்கிக்கொண்டு யார்டுக்குப் போனோம். ஏ.சி. போட்ட அலுவலக அறையில் மேசை போட்டிருந்தார்கள். குமரேசனைத் தவிர மற்ற ஓட்டுநர்கள் காலை ஷிப்டுக்கு வந்தவர்கள். குளித்து, டீ குடித்து, உட்கார்ந்திருந்தார்கள். "முதல்ல குமரேசன முடிச்சிருங்க. அவருதான் முக்கியம்" என்றார் மேலாளர். விபத்துக்குப் பிறகும் அவரை வண்டியிலிருந்து இறக்கவில்லை, ஆள் இல்லை.

குமரேசன் உள்ளே வந்தார். நாற்பதைத் தாண்டியவர், மணலி புதுநகர்க்காரர். சட்டை முழுக்க டீசல். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு பக்கமாகச் சரிந்து, நிமிர்ந்துகொண்டார். அவருக்கு எதிரே ரோஸ்லின். கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்டாள்.

"சாப்ட்டீங்களாண்ணா?"

"டீ குடிச்சேம்மா."

"நேத்து தூங்குனீங்களா?"

அவர் சிரித்தார். "நேத்து காலீல வண்டில ஏறுனவன் தங்கச்சி. மாத்து ஆளு வர்ல, நீயே இன்னொரு ஷிப்டு பாருன்ட்டாங்கோ. இப்பத்தான் எறங்கி வரேன். எங்கேருந்து தூங்கறது?"

ரோஸ்லின் விளக்குப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மேடம், இவர டெஸ்ட் பண்ணக் கூடாது."

நான் வாயைத் திறப்பதற்குள் வைகுந்தநாதன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். கண் பாதி மூடியது. குரல் கனிந்தது. "ரோஸ்லின், நீ ஏன் இவ்வளவு பதட்டமா இருக்கேன்னு யோசிச்சியா?"

"நான் பதட்டமா இல்ல சார். அவரு தூங்கல."

"ஒரு பெரிய இடத்துக்கு வந்ததும் உனக்குள்ள ஒரு பயம் வருது. அந்தப் பயத்த நீ ஒரு எதிர்ப்பா மாத்திக்கிற. இத நாம அப்புறம் பேசலாம்."

"பேசலாம் சார். ஆனா அவரு தூங்கலியே."

அறையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். இத்தனை ஆண்டுகளில் எங்கள் சாத்திரத்தின் அயோக்கியத்தனத்தை நான் இவ்வளவு அருகில் பார்த்ததில்லை. ஒரு பெண் கண்ணெதிரே இருக்கிற ஒரு விஷயத்தைச் சொல்கிறாள். அது உண்மையா பொய்யா என்று பார்க்காமல், அதைச் சொல்கிற அவளுக்கு என்ன கோளாறு என்று ஆராய்கிறார்கள். எந்தப் போலீஸ்காரனுக்கும் கிடைக்காத லத்தி இது.

"அவ சொல்றது சரி, சார். கையேட்டுலயே இருக்கு" என்றேன்.

வைகுந்தநாதன் ரோஸ்லினை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். குமரேசன் சிவப்புக்கு அழுத்தினார், பச்சைக்குக் கையை எடுத்தார். நடுவில் ஒரு தடவை கண் சொருகி, தலை தொங்கியது. மேலாளர் சுவரோரமாக நின்று அதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். பரிசோதனை முடிந்ததும் குமரேசன், "பாஸா சார்?" என்று கேட்டார். வைகுந்தநாதன் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அறிக்கை தயாராகிவிட்டது. குமரேசனிடம் விபத்து நாட்டம் தெளிவாகத் தென்படுகிறது, கவனச் சிதறல், மந்தமான எதிர்வினை, கனரக வண்டி இயக்கத் தகுதியற்றவர். சோதனையாளர் என்ற இடத்தில் ரோஸ்லினும், வழிகாட்டி என்ற இடத்தில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

ரோஸ்லின் நின்றபடியே, "நான் டெஸ்ட் பண்லயே சார், நீங்கதானே பண்ணீங்கோ" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

நான், "முறைப்படி எடுக்காத சோதனைக்குக் கீழ கையெழுத்துப் போடமாட்டேன்" என்றேன்.

விரல் நுனிகள் சேர்ந்தன. "உங்க ரெண்டு பேருகிட்டயும் அதிகாரத்துக்கு எதிரான ஒரு மனநிலை தெரியுது. செல்வராணி, சின்ன வயசுல உங்க அப்பாவோட உறவு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு, சார். எடை கொறச்சுப் போட்டா கைய ஒடிச்சிருவேன்னு சொல்லி வளர்த்தாரு."

அவர் தன் கையெழுத்தை மட்டும் போட்டு அறிக்கையை அனுப்பிவைத்தார். அந்த வாரமே குமரேசனைத் தற்காலிகமாக நீக்கி, உள் விசாரணை வைத்தார்கள். பாஷாவின் கால் போனதற்குக் குமரேசனின் மனம்தான் காரணம் என்று எழுதி முடித்துவிட்டால், வேறு யாரும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சில நாள் கழித்து குமரேசன் கல்லூரி வாசலில் நின்றார். காவலாளி அவரை உள்ளே விடவில்லை. ரோஸ்லின்தான் போய் அழைத்து வந்தாள்.

"இந்தப் பொண்ணு அன்னைக்கு ஒண்ணு சொல்லிச்சு மேடம். தூங்காதவன டெஸ்ட் பண்ணா செல்லாதுன்னு. அத்த அப்டியே விசாரணையில வந்து சொல்ல முடியுமா?" என்றார். அவர் கெஞ்சவில்லை. பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்கிற மாதிரி கேட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

"வெறும் வாயால சொன்னா எடுபடாது. திரும்ப முறையா டெஸ்ட் எடுக்கணும். நல்லாத் தூங்கி எழுந்து வர முடியுமா?" என்று கேட்டேன்.

"அதுக்கு இன்னா மேடம் கொறச்சல்? சஸ்பெண்டு பண்ணி வூட்ல குந்த வெச்சிட்டாங்களே. தூங்கறது ஒண்ணுதான் வேல."

ஆனால் அவரை மட்டும் சோதித்தால் போதாது என்று ரோஸ்லின் பிடிவாதம் பிடித்தாள். அவருடைய சகாக்கள் சிலரையும் கேட்டுப் பார்க்கச் சொன்னாள். ஒவ்வொருவரும் இரண்டு தடவை வர வேண்டும்: வார விடுமுறையில் தூங்கி எழுந்து ஒரு தடவை, இரட்டை ஷிப்ட் முடித்துவிட்டு ஒரு தடவை. அதே கருவி, அதே விளக்கம். யார் எந்த நிலையில் வந்திருக்கிறார்கள் என்று தெரியாத ஒரு மாணவியை வைத்து எண்களைக் கூட்ட வேண்டும். இதில் எதையும் நான் சொல்லித் தரவில்லை என்று பெருமை பேச மாட்டேன். எல்லாம் நான் சொல்லித் தந்ததுதான். மற்றவர்கள் மதிப்பெண் வாங்கிக்கொண்டு மறந்ததை அவள் நிஜமாகவே செய்தாள்.

வைகுந்தநாதன் ஏதோ கருத்தரங்குக்கு வெளியூர் போயிருந்த வாரம் வசதியாக இருந்தது. ஓட்டுநர்கள் வந்தார்கள். பயந்து பயந்துதான் வந்தார்கள். மேலாளர் காதுக்குப் போனால் அவர்களுக்கும் ஆபத்து. இரட்டை ஷிப்ட் முடித்து வந்த ஒருவர், வரிசையில் காத்திருந்தபோது துறைத் தலைவரின் சோபாவில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அந்தச் சோபா அதன் ஆயுளில் ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது அன்றுதான். அவரை எழுப்பிச் சோதித்தபோது குமரேசன் அன்று செய்த அதே தவறுகளைச் செய்தார். எல்லோருமே செய்தார்கள். தூங்கி எழுந்து வந்த நாளில் குமரேசனின் கை, எங்கள் மாணவர்களில் பாதிப் பேரின் கையைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது.

உள் விசாரணை யார்டிலேயே நடந்தது. விசாரணை அதிகாரி ஓய்வு பெற்ற ஒரு வக்கீல். நானும் ரோஸ்லினும் போனோம். மேலாளர் என்னைப் பார்த்து, "மேடம், இவரு மனசுல என்ன இருக்குன்னு உங்களால சொல்ல முடியுமா? எங்ககிட்ட இருக்கற ரிப்போர்ட் சொல்லுது" என்றார்.

"முடியாது. அந்த ரிப்போர்ட் எழுதினவராலயும் முடியாது. இவர் தூங்கினாரா இல்லையான்னு சொல்ல முடியும். அதுக்கு உளவியல் எதுக்கு? உங்க ஷிப்ட் போடறவரைக் கேட்டாலே போதும்."

மேலாளர் ரோஸ்லின் பக்கம் திரும்பினார். "நீங்க இன்னும் படிப்பே முடிக்கலயே? உங்க துறைத் தலைவர் சொல்றது தப்பு, நீங்க சொல்றது சரியா?"

"யாரு சொல்றதும் வேணாம் சார். இங்க இருக்கற யாரையாவது ஒரு ராத்திரி முயிச்சினு இருக்கச் சொல்லுங்க. காலீல நானே வந்து டெஸ்ட் பண்றேன். நீங்களே வந்தாலும் செரி."

வக்கீல் இருமினார். அது சிரிப்பு என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் பாஷாவைக் கூப்பிட்டார்கள். கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்தார். சின்ன வயதுதான். நிறுவனத்தின் சாட்சியாகத்தான் வரவழைத்திருந்தார்கள். குமரேசன் கவனிக்கவில்லை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தார்கள்.

"அண்ணன் ஹாரன் அடிச்சாரு. எனக்குக் காதுல வியுந்துச்சு. விலகணும்னு தோணல. அன்னைக்கு அவர மாதிரி நானும் ரெண்டாவது ஷிப்டுதான் சார். நின்னுகினே தூங்கிகினு இருந்தேன்" என்றார் பாஷா.

அவர் அதை யார் மேலும் பழியாகச் சொல்லவில்லை. குமரேசன் அழுதார். அறிவியல் செய்யாத வேலையைப் பாஷாவின் நாலு வாக்கியம் செய்துவிட்டது. எங்கள் எண்கள் அதற்குப் பக்கவாத்தியம்.

குமரேசனை வேலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. கொஞ்ச காலம் வாயிற்கதவில் நிற்கவைத்து, ஆள் பற்றாக்குறை வந்ததும் சத்தமில்லாமல் மறுபடி வண்டியில் ஏற்றினார்கள். இரட்டை ஷிப்ட் சில மாதங்கள் நின்றிருந்தது. பிறகு வேறு பெயரில் வந்தது. பாஷாவுக்கு இழப்பீடு கிடைக்க அவர் குடும்பம் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது.

எங்கள் துறையில் என்ன நடந்தது? அந்த ஆண்டின் இறுதியில் வைகுந்தநாதன் ஒரு மாநாட்டில் தொழிலாளர் உறக்கமும் மனநலமும் என்று கட்டுரை வாசித்தார். ரோஸ்லின் எடுத்த அதே எண்கள். அவள் பெயர் இல்லை. கைதட்டல் பலமாக இருந்ததாகக் கூட்டத்துக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த ஆண்டு அவரைக் கல்லூரியின் டீன் ஆக்கினார்கள்.

ரோஸ்லினுக்குத் துறைத் தலைவர் கையில் இருந்த உள் மதிப்பெண் தேறும் அளவுக்கு மட்டும் விழுந்தது. ஒத்துழைக்கும் மனப்பான்மை குறைவு என்று ஒரு குறிப்பு வேறு. முதல்வரிடம் போய்ச் சண்டை போட்டேன். உள் மதிப்பெண்ணில் தலையிடும் வழக்கம் இல்லை என்றார் அவர். அந்த மதிப்பெண்ணுக்கு முதுகலை இடம் கிடைக்கவில்லை. விடாமல் அடுத்த ஆண்டும் எழுதிப் போடச் சொன்னேன். "வூட்ல கஷ்டம் மேடம், வுடுங்க" என்று சொல்லிவிட்டு, பாரிமுனையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் பில் போடும் வேலைக்குப் போய்விட்டாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். கேன்டீனில் உட்கார்ந்து எண்களைக் கற்பனை செய்தவர்களில் மூன்று பேர் இன்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். ஒருத்தி வீடியோவில் தலையைச் சாய்க்கிறாள்.

போன மாதம் ரோஸ்லின் போன் செய்தாள். குமரேசன் அவளுடன் தொடர்பு விடாமல் இருப்பவர். கிறிஸ்துமசுக்கு வீட்டுக்கு வருவார். அவருடைய மகள் பள்ளி இறுதித் தேர்வு எழுதியவள், கொஞ்ச நாளாக யாருடனும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாளாம். தெருவுக்குத் தெரு ஆலோசகர்கள் இருக்கும்போது, அந்த மனிதர் மகளை பஸ்ஸில் ஏற்றி ராயபுரத்துச் சந்துக்கு, பில் போடும் பெண்ணிடம் அழைத்து வந்திருக்கிறார்.

"இன்னா சொன்னே அவகிட்ட?" என்று கேட்டேன். அவளோடு பேசினால் எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொள்ளும்.

"நான் ஒண்ணுமே சொல்லல மேடம். சப்பாத்தி மாவு பெசஞ்சினு இருந்தேன். அது பக்கத்துல வந்து குந்துச்சு. மொதல்ல ஒண்ணும் பேசல. அப்புறம் பேச ஆரம்பிச்சுது, நிறுத்தவே இல்ல. மாவு காஞ்சே போச்சு."

பிறகு அவள் குரல் மாறியது. "செத்துரலாம்னு நெனப்பு வருதான்னு கேட்டேன் மேடம். வருதுன்னுச்சு. இது நான் பாக்கற விஷயம் இல்ல, டாக்டருதான் பாக்கணும். இன்னிக்கு ராத்திரி எங்கூடத்தான் இருக்கும், அவுங்க நைனாவும் இங்கதான் கீறாரு. நாளைக்கு காலீல நானே கூட்டினு போறேன், லீவு சொல்லிட்டேன். நீங்க ஒரு டாக்டர் பேரு மட்டும் சொல்லுங்க. அது பேசறப்போ குறுக்கப் பேசாத டாக்டரா இருக்கணும்."

இத்தனை ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருந்தவள் நான். எத்தனை மாநாடு, எத்தனை நிபுணர்கள், எத்தனை முனைவர்கள். ஒரு பெயர் சொன்னேன். இன்னொன்றும் சொல்லி வைக்கலாம் என்று வெகுநேரம் யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.